அம்புலிப் பருவமும் அரசாங்கத்தின் கடமையும்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பருவம் பத்தையும் ஒரே மூச்சிற் சொல்லுவேன். இன்ன பருவம் இன்ன மாதத்துக்குரியது எனப் பாட்டியல் நூலார் வகுத்தவற்றையும், அவர்களுக்குள் உள்ள மாறுபாட்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். பாடம் முடிந்ததும் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு குருநகர்க் கடற்கரை வழியே வீடு செல்வேன். வழிநெடுக ஏணைகளிலும் திண்ணைகளிலும் பிள்ளைகள் கிடப்பார்கள். அவர்களை ஏறிட்டுப் பார்த்தவனல்லன். நூலிலுள்ள பிள்ளை வேறு, வீதியிலுள்ள பிள்ளை வேறு என்பது அக்காலத்து என் எண்ணம் போலும்.

அந்த எண்ணத்தைக் கெடுத்தவர்கள் இரண்டு சிறுவர்கள்.

1997ஆம் ஆண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஓரிரவில் வெறிச்சோடிப்போயின. மறு ஆண்டிற் சனங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தனர். பாடசாலைகள் மறுபடி மணி அடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கரையோரப் பாடசாலையொன்றில் ஆள் போதாமையால் முதலாம் வகுப்பும் என் தலையில் விழுந்தது. இலக்கணம் படித்தவனுக்கு அரிவரி வகுப்பு ஒரு தண்டனை என்றே கருதினேன். வகுப்பிற் பின்வாங்கிலில் இருவர் இருந்தனர். இருவரும் வாய் திறப்பதில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருவர் பெயருக்கும் எதிரே 'மந்தம்' என்று ஒரே சொல்லை எழுதினேன்.

ஒருநாள் படப் புத்தகத்தை விரித்து, முதற் சிறுவனிடம், "இது என்ன?" என்று கேட்டேன். பேச்சில்லை. "மீன் என்று சொல்லு" என்றேன். அவன் படத்தைப் பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மீன், சேர்?"

வகுப்பில் அவன் பேசிய முதற்பேச்சு அதுதான். எனக்கு மறுமொழி தெரியவில்லை. அந்தப் படத்தை வரைந்த சித்திரகாரருக்கும் தெரிந்திராது. பாரையா, ஓராவா, விளையா, திரளியா என்று அவன் ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்து, வால் இப்படி இருந்தாற் பாரை, செதில் இப்படி இருந்தால் அன்று என்று தானே தள்ளிக்கொண்டு போனான். பிறகு களங்கண்ணி எப்படி நடுவது, சோழகம் பெயரும்போது எந்தப் பக்கம் மீன் படும் என்றெல்லாம் கதைத்தான். ஐந்து வயதுப் பிள்ளை. அவனுக்குச் சொல் இல்லை என்று எழுதியவன் நான். அவனிடம் இருந்த சொற்களிற் பாதி என்னிடம் இருக்கவில்லை.

இக்கதையைச் சபைகளிற் சொன்னால் எல்லாரும் சிரித்து மகிழ்வார்கள். ஆதலால் நானும் இதையே சொல்லி வந்தேன். மற்றச் சிறுவனின் கதையைச் சொல்வதில்லை.

அவன் அழைத்தால் திரும்பமாட்டான். பிடிவாதக்காரன் என்று நினைத்தேன். பிரம்பு எடுத்ததும் உண்டு. அவன் காதிற் சீழ் வடிவதை நான் கண்டிருக்கிறேன். "பஞ்சு வைத்துக்கொண்டு வா" என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். அவ்வளவே. அடுத்த ஆண்டு பாடசாலைக்கு வந்த வைத்தியர் ஒருவர் அவன் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். கைக்குழந்தையாய் இருந்த நாள் முதல் வடிந்த சீழினால் இரு காதும் பெரும்பாலும் கெட்டுவிட்டன என்றார். தாய் அருகில் நின்றாள். "நான் கூப்பிட்டால் திரும்பமாட்டான் எண்டு கிளினிக்கிலயும் சொன்னனான் சேர். நிறை காணும் எண்டு விட்டிட்டினம்" என்றாள். அப்போது அவனுக்கு வயது ஏழு.

நிறை காணும். அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

காது கேளாத ஏழு ஆண்டு ஒரு பிள்ளைக்கு எதை இல்லாமற் செய்கிறது என்பதை நான் பின்னாளிற் படித்த ஓர் ஆராய்ச்சி உணர்த்தியது. கனடா நாட்டு ஜனெற் வேர்க்கர் என்னும் அம்மையார் மற்றோர் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 1984இல் வெளியிட்டது அது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் டகர, தகர ஒலிகளைக் கேட்பித்துப் பார்த்தார்கள். ஆங்கிலேயர் நாவுக்கும் செவிக்கும் இவை இரண்டும் ஒன்றே. நம் மொழியில் 'பாடம்', 'பாதம்' என்னும் சொற்களை வேறாக்கும் ஒலிகள் இவை. ஆறு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையுள்ள ஆங்கிலக் குழந்தைகள் இரண்டையும் வேறு பிரித்து அறிந்தன. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அவ்வாற்றல் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. வீட்டிற் கேட்கும் மொழிக்கு வேண்டிய ஒலிகளைச் செவி இறுகப் பற்றிக்கொண்டு, வேண்டாதனவற்றைக் கைவிடுகின்றது. லகர ளகர ழகர வேறுபாட்டை ஆறாம் வகுப்பிற் பிரம்புகொண்டு புகட்டலாம் என்று நம்பியிருந்த எனக்கு, அப்பாடம் ஏணையிலேயே நடந்து முடிகிறது என்னும் செய்தி பெரிய இடி. அந்தச் சிறுவனுக்கு அந்தப் பாடம் நடக்கவேயில்லை.

இதன்பின் பிள்ளைத்தமிழைத் திரும்ப எடுத்து வேறு கண்ணோடு பார்த்தேன். ஒன்பதாம் மாதத்திற் சப்பாணி கொட்டுதல், ஓராண்டளவில் வருகை என்பன இக்காலக் குழந்தை வைத்தியர் சொல்லும் கணக்கோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆனால் என்னை வியப்பில் ஆழ்த்தியது அம்புலிப் பருவம். தாய் நிலாவைச் சுட்டுகிறாள். பிள்ளை தாயின் விரலைப் பார்ப்பதை விட்டு, விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறது. பிறகு திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்பதை இருவரும் அறிகிறார்கள். முதலாம் பிறந்த நாளை அடுத்து வலுப்பெறும் இந்த ஆற்றலை உளநூலார் மொழியின் வாயில் என்கின்றனர். சுட்டிக்காட்டாத, சுட்டிய இடத்தை நோக்காத பிள்ளையைக் கண்டால் விரைந்து சோதிக்க வேண்டும் என்கின்றனர். ஒரு பருவத்துக்கு இதனையே பெயராய் வைத்த நம் முன்னோர் விஞ்ஞானம் எழுதவில்லை, பிள்ளையைப் பார்த்தார்கள். நான் பிரபந்தத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை.

மூளையைப் பற்றிய ஒரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு. ஐந்து ஆறு வயதாகும்போது பத்தில் ஒன்பது பங்கு ஆகிவிடுகிறது. நமது நாட்டிலோ பாடசாலைக் கதவு திறப்பது ஐந்து வயதில். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, கரையூர்ப் பிள்ளையையும் கறுவாத் தோட்டத்துப் பிள்ளையையும் ஒரே வாங்கில் இருத்தியது என்று மேடைகளிற் பேசுகிறோம். உண்மைதான். ஆனால் வாங்கில் வந்து இருக்கும்போதே ஒருவன் நெடுந்தூரம் நடந்து வந்துவிட்டான், மற்றவன் புறப்படவேயில்லை.

ஐந்து வயதுக்கு முன் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பெரும் பொய். 1926இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாது இந்நாட்டின் பெருமை. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று வழங்கப்படும் அவர், கருவுற்ற நாள் முதற் பிள்ளைக்கு ஐந்து வயது வரை கணக்கு வைத்திருக்கிறார். 1940களின் நடுவில் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அத்தொகை பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 1973 முதல் திரிபோஷ மாவும் கொடுக்கப்படுகிறது. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு என்றொரு புத்தகம் ஒவ்வொரு தாயின் கையிலும் உண்டு. பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம். போர்க்காலத்தில், காணி உறுதியை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஓடிய தாய்மாரை நான் அறிவேன்.

பிள்ளையைச் சாகாமற் காக்கும் கலையை இந்த நாடு கற்றுவிட்டது. அவ்வாறு காக்கப்பட்ட பிள்ளை, நிறை காணும் என்று விடப்பட்ட பிள்ளை, என்ன பேசுகிறது, யாரோடு விளையாடுகிறது என்று கேட்க இன்னும் முழுதாய்க் கற்கவில்லை.

இதற்கு நம்மைப் போன்ற ஒரு தீவிலிருந்தே பாடம் வந்திருக்கிறது. யமேக்காவில், கிங்ஸ்டன் நகரத்து வறிய பகுதிகளில், 1980களின் நடுவில் சலி கிரந்தம்-மக்கிரகர் என்னும் அம்மையாரும் துணைவரும் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். வயதுக்கேற்ற உயரம் வளராத, ஒன்பது முதல் இருபத்துநான்கு மாதம் வரையான 129 குழந்தைகளை எடுத்து நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பால்மா மட்டும். ஒரு பிரிவுக்கு விளையாட்டு மட்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. விளையாட்டு என்பது பெரிய காரியமன்று. ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து ஒரு மணிநேரம் இருப்பார். வெற்றுப் போத்தல், மூடி, கடதாசி மட்டை முதலியவற்றால் விளையாட்டுப் பொருள் செய்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படிப் பதில் சொல்ல விடுவது என்று தாய்க்குக் காட்டுவார். இரண்டு ஆண்டு இவ்வாறு நடந்தது.

இருபது ஆண்டு கழித்து அப்பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். விளையாட்டுப் பெற்ற பிரிவினர், பெறாதவரைவிட நூற்றுக்கு இருபத்தைந்து கூடுதலாக உழைத்தனர். 2014இல் இது வெளியாயிற்று. பால்மா மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நிலைத்த பயன் காணப்படவில்லை. நம்மிடம் வீடு தேடிச் செல்லும் உத்தியோகத்தர் நூறாண்டாக இருக்கிறார். யமேக்காவில் ஆராய்ச்சிக்காக ஏற்படுத்திய ஒழுங்கு நமக்கு ஊழியமாகவே கிடைத்திருக்கிறது. அவர் கையில் தராசோடு ஒரு கிலுகிலுப்பையும் ஒரு மணி நேரமும் கொடுத்தாற் போதும். கிலுகிலுப்பை மலிவு, மணி நேரம் மலிவன்று. ஒருவர் தலையில் எத்தனை வீடு கட்டி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

அந்த நேரத்தின் விலையைத் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1975 ஒக்டோபர் 2இல் இந்திய அரசாங்கம் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் அங்கே ஊர்தோறும் உண்டு. பணியாளர் பிள்ளைகளை நிறுப்பார், உணவு கொடுப்பார், பேரேடு எழுதுவார். பாட்டுக்கும் கதைக்கும் பொழுது மிஞ்சாது. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலார் மூவர், தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் 640ஐ எடுத்து, அவற்றுட் பாதிக்கு அரைநாள் வேலைக்கு மேலும் ஓர் ஆளைக் கொடுத்துப் பார்த்தனர். கற்பித்தலுக்குச் செலவிட்ட நேரம் இருமடங்காயிற்று. பிள்ளைகளின் மொழியறிவும் எண்ணறிவும் உயர்ந்தன. உயரக்குறைவும் ஊட்டக்குறைவும் குறைந்தன. புதிய தத்துவம் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு கை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1960களில் இப்சிலான்ரி என்னும் ஊரில் 123 வறிய பிள்ளைகளைக்கொண்டு நடந்த முன்பள்ளி ஆராய்ச்சி மிகப் பேர்போனது. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் அதனைக் கணக்குப் பார்த்து, முன்பள்ளிக்கு இட்ட பணம் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏழு முதற் பத்து வரை திரும்பி வருகிறது என்றார். திறைசேரிக்காரரை இணங்கவைக்க இந்தக் கணக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் 'முதலீடு' என்னும் சொல்லைப் பிள்ளையின்மேல் வைக்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. வட்டி வராத பிள்ளையை என்ன செய்வது? என் பின்வாங்கிற் சிறுவனின் காதை மூன்று மாதத்திலேயே மாற்றியிருந்தால் நாட்டுக்கு எத்தனை ரூபா இலாபம் என்று கேட்க எனக்கு வாய் வராது.

விஞ்ஞானத்தின் பெயரால் வரும் எல்லாவற்றையும் தலைவணங்கி ஏற்பதும் கூடாது. 1995இல் அமெரிக்கர் இருவர், 42 குடும்பங்களை ஆராய்ந்து, வறியோர் பிள்ளைகள் மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொல் குறைவாய்க் கேட்கின்றன என்று எழுதினர். உலகமெல்லாம் அதை மேற்கோளாய்க் கொண்டது. 2018இல் வேறு சிலர், வீட்டிலுள்ள அனைவர் பேச்சையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது அத்தகைய பள்ளம் தென்படவில்லை என்றனர். எனக்கு உடனே 'என்ன மீன், சேர்?' என்ற சிறுவனின் நினைவு வந்தது. பாட்டி, பெரியம்மா, வலை பொத்தும் மாமன் என்று பத்துப் பேர் நடுவில் வளரும் பிள்ளையின் பேச்சைத் தாயின் வாயை மட்டும் கொண்டு அளந்தவர் யாரோ, அவர் குருநகருக்கு வந்ததில்லை.

விஞ்ஞானத்தை அரைகுறையாய் எடுத்து ஆணை பிறப்பித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாடே சான்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண், வெளிநாட்டுக்கு வீட்டுப்பணிக்குப் போகக்கூடாது என்று 2013இல் அரசாங்கம் விதித்தது. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பதே அதற்குச் சொன்ன நியாயம். நல்லது. அவள் வீட்டிலிருந்தால் உலை எதனால் ஏறும் என்பதற்கு விதியில்லை. பிள்ளையைப் பகலில் விட ஓர் இடம் கொடுக்கவில்லை. தகப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் எங்கும் போகலாம். 2022இல், நாட்டின் கையில் டொலர் இல்லாமற் போனபோது, ஐந்து வயது இரண்டு வயதாய்க் குறைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுக்குள் குழந்தையின் மூளை மாறிவிட்டதா? திறைசேரி மாறிற்று. அதே 2022இல் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன, தகப்பன்மார் வீட்டிலிருந்தனர், பானையில் ஒன்றும் இருக்கவில்லை. பெற்றோர் அருகில் இருப்பது மட்டும் போதுமானால் குருநகர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல காலம் வேறில்லை.

நீங்காத அச்சமும் பசியும் சிறு பிள்ளையின் உடம்பிலேயே எழுதப்படுகின்றன என்பதையும், மனம் நிலைத்த ஒருவர் அருகிலிருந்து அணைத்தால் அவ்வெழுத்து ஆழப் பதிவதில்லை என்பதையும் இன்று உளநூலார் வற்புறுத்துகின்றனர். 1993 நவம்பர் 13இல் குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத்தின்மேற் குண்டு விழுந்தபோது மடியிலிருந்த குழந்தைகள் இப்போது தாய் தகப்பன்மார். போர் மனத்தில் இட்ட தழும்புகளைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே ஒரு நூல் எழுதினார். பிள்ளையை அணைக்க வேண்டியவரையும் யாரேனும் அணைக்க வேண்டியிருக்கிறது. முன்பிள்ளைப் பருவக் கொள்கை வகுப்போர் இந்தத் தலைமுறைக் கணக்கை விட்டுவிட்டு வடக்கைப் பற்றி எழுதினால் அது கொழும்பிலிருந்து வரைந்த மீன் படம்தான்.

முன்பள்ளிக்கு வருவோம். நம்மூரார் இதனை நேசறி என்பர். 2004இல் முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பும் விருத்தியும் பற்றிய தேசியக் கொள்கை ஒன்று ஏற்கப்பட்டது. 2015இல் உலக வங்கி ஐந்து கோடி டொலர் கடன் இசைந்தது. காகிதத்திற் குறைவில்லை. நடைமுறையில் முன்பள்ளி, மாகாணத்தின் பொறுப்பு. மாகாணம் கொடுப்பதோ ஆசிரியைக்குச் சம்பளமன்று, ஒரு சிறு கொடுப்பனவு. ஆலயமும் சனசமூக நிலையமும் பெற்றோரும் சேர்ந்தே அதைத் தாங்குகின்றனர். 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் முன்பள்ளிகள் பல சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ்ச் சென்றன. அங்கே ஆசிரியைகளுக்குக் கிடைத்தது மாகாணக் கொடுப்பனவைப்போற் பல மடங்கு. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லும் பெண்ணுக்கு உரிய கூலியைக் கல்வி கொடுக்காமல் பாதுகாப்புக் கொடுத்தது என்பதை வாசகர் ஒருமுறை எண்ணிப் பார்க்க. அந்தச் சம்பளத்தை ஏற்ற பெண்களை நான் குறை சொல்லேன்.

மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6இல் உரோமாபுரியிலே தமது முதலாவது குழந்தை இல்லத்தைத் திறந்தது மாளிகையிலன்று. சான் லொரென்சோ என்னும் ஏழைப் பகுதியின் தொடர்மாடிக் கட்டடமொன்றின் அறையில். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் செய்த அட்டகாசம் பொறுக்காமலே கட்டடக்காரர் அந்த அறையைக் கொடுத்தனர். அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிக் காசு வாங்கும் பள்ளிகள் இன்று நகரெங்கும் உண்டு. குருநகரிலும் தொடர்மாடி வீடுகள் உண்டு, படிக்கட்டுகள் உண்டு, விடியற்புறம் இறால் உரிக்கப் போகும் தாய்மாரும், தொழிலால் வந்து உறங்கும் தகப்பன்மாரும், படிக்கட்டில் இருந்து விளையாடும் பிள்ளைகளும் உண்டு. கீழ்மாடியில் ஓர் அறை, இரண்டு ஆசிரியைகள், அவர்களுக்கு மாதந்தோறும் தவறாத சம்பளம், ஆண்டுக்கு இருமுறை காதும் கண்ணும் பார்க்க ஒருவர். மாநகர சபையும் மாகாணமும் யார் கொடுப்பது என்று வழக்காடி முடிப்பதற்குள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஐந்து வயதைக் கடந்துவிடுவார்கள்.

மீன் பெயர் சொன்ன சிறுவன் பல்கலைக்கழகம் போனான். இப்போது ஊரில் இல்லை. மற்றவன் இங்கேதான் இருக்கிறான். கரையில் வலை பொத்துகிறான். அந்த வேலையில் அவனுக்கு நிகர் இல்லை என்பார்கள். கண்டால் எழுந்து நிற்பான். எழ வேண்டாம் என்று கை காட்டுவேன், கேளான், எழுவான். அவன் கல்யாணஞ் செய்து ஒரு பெண்பிள்ளை உண்டு, பதினெட்டு மாதம்.

சென்ற பூரணைக்கு மறுநாள் மாலை அவ்வழியே போனேன். பிள்ளை தகப்பன் மடியிலிருந்து கையை நீட்டிக் கீழ்வானத்தில் எழும் நிலாவைக் காட்டிற்று. காட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. அவன் நிலாவைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், தலையை ஆட்டினான். மனைவி என்னைக் கண்டு உள்ளே போய் இளஞ்சிவப்புப் புத்தகத்தை எடுத்துவந்தாள். "சேர், இதில நான் போட்டது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றாள். மாதந்தோறும் தாய் பார்த்துக் குறிக்க வேண்டிய பக்கம் அது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, சத்தம் வரும் பக்கம் பார்க்கிறதா என்று கேட்டிருந்த இடங்களில் எல்லாம் அவள் இரண்டு முறை சரி இட்டிருந்தாள்.